வாய்தா ஒன்று, எழுதும் இடம் ஆறு: மலை ஊர் வக்கீல் ஆபீஸில் மென்பொருளைக் குறைக்கும் வழி

ஊட்டி கோர்ட்டில் ஒரு வழக்கு கூப்பிடப்பட்டு அடுத்த வாய்தா சொல்லப்படுகிறது. குமாஸ்தா அதை டைரியில் எழுதுகிறார். வழக்குக் கட்டின் மேலட்டையிலும் எழுதுகிறார். ஜூனியர் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். சாயங்காலம் யாரோ கூகுள் காலண்டரில் ஏற்றுகிறார்கள். போன வருஷம் காசு கொடுத்து வாங்கிய வழக்கு மேலாண்மை மென்பொருளிலும் அதற்கு ஒரு கட்டம் காலியாகக் காத்திருக்கிறது. மாதக் கடைசியில் எக்செல் தாள் வேறு. ஆக, ஆறு இடம். அந்தத் தேதிக்குத் திடீர் விடுமுறை அறிவித்து வழக்கு இரண்டு நாள் தள்ளிப்போனால் ஆறில் எத்தனை திருத்தப்படும்? பெரும்பாலும் இரண்டு. எந்த இரண்டு என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

மென்பொருளைக் குறைப்பது என்றதும், இருப்பதை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு எல்லாம் செய்யும் ஒரு பெரிய மென்பொருளை வாங்குவது என்றே பல ஆபீஸ்களில் நினைக்கிறார்கள். பழையது எதுவும் நிற்காததால் புதியது ஏழாவது இடமாகச் சேர்ந்துகொள்கிறது. வேலையை மறுமுனையிலிருந்து தொடங்குங்கள். அசல் எது, நகல் எது என்று வக்கீலுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே கேள்வியை மென்பொருளிடமும் கேட்பதுதான் முழு வேலையும். தேதிக்கு அசல் எங்கே? காகிதத்துக்கு? பணத்துக்கு? கட்சிக்காரரிடம் பேசியதற்கு? நான்குக்கும் ஓரிடம் வீதம் முடிவானால், மீதி எல்லாம் நகல் அல்லது குப்பை.

இங்கே சொல்வது மூன்று முதல் பத்துப் பேர் வரை உள்ள ஆபீஸுக்கு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று ஒரே ஆபீஸ் பல கோர்ட்டுக்கு அலைவதையும், மழைக்காலத்தில் மரம் விழுந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போவதையும் மனதில் வைத்து எழுதியது. கொடைக்கானலுக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் கணக்கெடுப்பு

ஒரு நீளத் தாளை எடுத்துக் கோடு போடுங்கள். இதற்கென்று ஒரு செயலி தேடிப் போக வேண்டாம். தலைப்புகள்: கருவியின் பெயர், எதற்குப் பயன்படுகிறது, யார் திறக்கிறார், எந்த மின்னஞ்சலில் பதிவு, ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது, கட்டணம் எவ்வளவு, புதுப்பிக்கும் தேதி, உள்ளே இருப்பதை வெளியே எடுக்க முடியுமா.

பட்டியலை ஞாபகத்திலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். மூன்று இடத்தில் தேடுங்கள். முதலாவது, வங்கிக் கணக்கும் கிரெடிட் கார்டும். பதின்மூன்று மாத அறிக்கை எடுங்கள். ஆண்டுச் சந்தா முந்தைய முறை எடுத்த தேதிக்குச் சில நாள் முன்பின்னாகவும் கழியும் என்பதால், சரியாகப் பன்னிரண்டு மாதம் பார்த்தால் ஒன்றிரண்டு நழுவும். யுபிஐ செயலிக்குள் தானியங்கிக் கட்டணப் பட்டியல் தனியாக இருக்கும், அதையும் பாருங்கள். இரண்டாவது, ஒவ்வொரு கணினியின் உலாவியிலும் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொல் பட்டியல். மூன்றாவது, ஒவ்வொருவர் கைபேசியும். பதிவுத் துறைத் தளம், பட்டா சிட்டா பார்க்கும் தளம், இ-ஃபைலிங், வருமான வரி என்று அரசு உள்நுழைவுகளும் பட்டியலில் ஏறட்டும். அவற்றை விட முடியாது, ஆனால் யார் பெயரில் எத்தனை கணக்கு இருக்கிறது என்று இப்போதுதான் தெரியவரும்.

எல்லாக் கட்டத்திலும் ஓடிபி கட்டத்தைத்தான் கவனமாக நிரப்ப வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ஆபீஸை விட்டுத் தனியாகப் போன ஜூனியரின் எண் ஏதாவது ஒரு கணக்கில் கட்டாயம் ஒட்டிக்கொண்டிருக்கும். மனு தாக்கல் செய்யக் கடைசி நாளில்தான் அது தெரியவரும். அவர் அப்போது கூடலூர்ப் பேருந்தில் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பார். கணக்கெடுக்கும்போதே எண்ணை மாற்றிவிடுங்கள். ஆபீஸுக்கென்று ஒரு சிம், அதைப் போட ஒரு சாதாரண போன், அது ஆபீஸ் மேசையை விட்டு நகராது என்று வைத்துக்கொண்டால் போதும். வக்கீலின் சொந்தப் பெயரில் தாக்கல் செய்யும் கணக்கும் ஆதார் வழிக் கையெழுத்தும் மட்டும் அவரவர் எண்ணிலேயே இருக்க வேண்டும்.

அடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி: அசல், நகல், செத்தது. கடந்த மூன்று மாதத்தில் யாரும் திறக்காதது செத்தது. சட்டத் தேடலுக்கு இரண்டு சந்தா இருந்தால் ஒன்று பெரும்பாலும் செத்ததாகத்தான் இருக்கும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே காசு கொடுக்கும் சந்தா, தலைக்குறிப்புக்கும் (தீர்ப்பின் மேலே வரும் சுருக்கம்) உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் உண்மையிலேயே உதவுகிறதா என்று மட்டும் பார்த்து ஒன்றை வையுங்கள்.

தேதிக்கு அசல்

எங்கள் தேர்வு காகித டைரி. இதைக் கேட்டு யாராவது சிரிக்கலாம். கோர்ட் வராண்டாவில் நின்றபடி, குளிரில் விரல் விறைத்திருக்கும்போது, இணையம் இல்லாமல் மூன்று விநாடியில் எழுதக்கூடியது அது ஒன்றுதான். அசல் அதுவாகவே இருக்கட்டும். நகல் ஒன்றே ஒன்று: எல்லோரும் பார்க்கும் ஒரு பொதுக் காலண்டர். தினமும் மாலை ஐந்தரைக்கு ஒரே ஆள் டைரியைப் பார்த்து அதை நிரப்ப வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வாய்தா போடுவதை நிறுத்துங்கள். அங்கே போட்டது மறுநாள் காலை வணக்கச் செய்திகளுக்கு அடியில் போய்விடும். ‘போட்டாச்சே’ என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும்.

சரிபார்க்க இ-கோர்ட்ஸ் செயலி. ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர் என்ற 16 இடக் குறியீடு உண்டு. முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு இலக்கம் நீதிமன்றம், பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசி நான்கு ஆண்டு. இந்த எண்ணைக் கட்டின் மேலட்டையிலும் காலண்டர் குறிப்பிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். அசல் வழக்கு (ஓ.எஸ்.) எண் மட்டும் என்றால் குன்னூரிலும் அதே எண் இருக்கலாம், கூடலூரிலும் இருக்கலாம். சிஎன்ஆர் நாடு முழுக்க ஒன்றுதான். செயலியில் ‘மை கேசஸ்’ பட்டியலில் எல்லா வழக்கையும் சேர்த்து வெள்ளிக்கிழமை தோறும் அடுத்த வாரத்தைக் காலண்டரோடு ஒப்பிடுங்கள்.

இதில் இரண்டு கோளாறு வரும். அந்தப் பட்டியல் போனுக்குள்ளேயே இருக்கிறது. போன் தொலைந்தால் பட்டியலும் போச்சு. செயலியிலேயே ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு, மாதம் ஒரு முறை கோப்பாக எடுத்து ஆபீஸ் கோப்புறையில் வையுங்கள். இன்னொன்று, கோர்ட்டில் பதிவு ஏறுவது சில சமயம் ஒரு நாள் தாமதமாகும். திறந்த கோர்ட்டில் காதால் கேட்டதும் செயலி காட்டுவதும் வேறுபட்டால் செயலியை நம்பி டைரியை அடிக்காதீர்கள், பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு திருத்துங்கள்.

காலாவதித் தேதி, அதாவது சட்டம் வைத்த கெடு, தனி விஷயம். வாய்தா தவறினால் மனு போட்டுச் சமாளிக்கலாம், காலவரையறை தவறினால் பாடு அதிகம். காலண்டரில் இதற்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள். பதிலுரைக்கு அழைப்பாணை சார்வான நாளிலிருந்து 30 நாள், நீதிமன்றம் நீட்டினால் 90 வரை. கேவியட் (நம்மைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று முன்கூட்டியே கொடுப்பது) 90 நாள் செல்லும். மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நினைவூட்டல் வையுங்கள்: பாதி நாளில் ஒன்று, பத்து நாள் முன்னால் ஒன்று, மூன்று நாள் முன்னால் ஒன்று. உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுக் கோப்பு எங்கே போக வேண்டும் என்பதையும் அதே குறிப்பில் எழுதுங்கள். நீலகிரி வழக்கு சென்னைக்கு, கொடைக்கானல் வழக்கு மதுரைக் கிளைக்கு. இரண்டு மலையிலும் வழக்கு நடத்தும் ஆபீஸில் இது குழம்பியிருக்கிறது.

காலாவதியைத் தானே கணக்கிடும் மென்பொருளை நம்ப வேண்டாம். காரணம் நகல் மனு. சான்றிட்ட நகல் வாங்க ஆன நாள் காலவரையறைச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி கழியும். நகலின் கடைசித் தாளில் மனு கொடுத்த தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, பெற்றுக்கொண்ட தேதி என்று வரிசையாகக் குறித்திருக்கும். கட்டணம் கேட்ட பிறகு நாம் தாமதமாகக் கட்டியதையும், நகல் தயாரான பிறகு வாங்கப் போகாமல் இருந்ததையும் சேர்த்துக் கழிக்கப் பார்த்தால் எதிர்த்தரப்பு விடாது. மென்பொருளோ முதல் தேதியையும் கடைசித் தேதியையும் மட்டும் கேட்டுவிட்டு ஒரு நாளைச் சொல்லும். அந்தக் கடைசித் தாளைத் தனியாக ஸ்கேன் செய்து காலண்டர் குறிப்போடு ஒட்டிவைத்து, ஒரு வக்கீல் கையால் எண்ணிச் சுருக்கொப்பம் போடட்டும்.

காகிதத்துக்கு அசல்

ஆபீஸின் நேரத்தைத் தின்பது இதுதான். டெஸ்க்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, ஜூனியரின் ஜிமெயிலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று என்று ஒரே பிராது நான்கு வடிவில் கிடக்கும். ‘இறுதி’, ‘இறுதி புதுசு’, ‘இறுதி சார் பார்த்தது’ என்று பெயர் இருக்கும்.

ஒரே மேகச் சேமிப்பு. கூகுளோ மைக்ரோசாஃப்டோ எதுவானாலும் ஒன்று. ஆனால் ஆபீஸ் பெயரில் எடுத்த நிறுவனக் கணக்காக இருக்க வேண்டும். இலவச ஜிமெயில் கணக்கில் கோப்புறையைப் பகிர்ந்து வேலை செய்தால், உள்ளே ஏற்றிய ஒவ்வொரு கோப்பும் ஏற்றியவருக்கே சொந்தம். அவர் போகும்போது கணக்கை மூடினால் கோப்பும் கூடவே போகும். நிறுவனக் கணக்கின் பகிர்வு டிரைவில் கோப்பு ஆபீஸுக்குச் சொந்தம்.

கோப்புறை இரண்டு அடுக்கு போதும். வெளியே வழக்கு: ஆபீஸ் வரிசை எண், கட்சிக்காரர் பெயர், ஊர். உள்ளே ஐந்தே ஐந்து: வாதுரை, ஆவணம், உத்தரவு, கடிதம், பணம். அதற்குமேல் உட்பிரிவு வைத்தால் யாரும் சரியான இடத்தில் போட மாட்டார்கள். கோப்புப் பெயர் ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கட்டும்: 2025-08-14 பதிலுரை. நாள் முன்னால் வந்தால் 14-ஆம் தேதிக் கோப்புகள் எல்லா வருஷத்திலிருந்தும் ஒன்றாகக் குவியும். ஆண்டு முன்னால் வந்தால் வழக்கு நடந்த வரிசையிலேயே அடுக்கும்.

பெயரைத் தமிழில் வைக்கலாம், ஆனால் சுருக்கமாக. விண்டோஸ் பழைய வழக்கப்படி கோப்பின் முழு முகவரியையும் 260 குறிக்குள் எதிர்பார்க்கிறது. கோத்தகிரி என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது குறி: க, அதன் ஓகாரக் குறி, த, புள்ளி, த, க, இகரக் குறி, ர, இகரக் குறி. வழக்கின் முழுப் பெயரையும் எதிர்வாதிகள் எல்லோரையும் கோப்புறைப் பெயரில் எழுதினால் ஒரு நாள் கோப்பு திறக்காது, நகலும் ஆகாது, ஏன் என்றும் சொல்லாது. ஊர்ப் பெயருக்கும் ஒரே வடிவம்: ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றில் எதை வைத்தாலும் ஒன்றை வையுங்கள். இல்லாவிட்டால் மூன்று முறை தேட வேண்டும்.

பழைய எழுத்துரு என்ற பேயை இந்த இடத்தில் ஓட்டியாக வேண்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு முன்னால் தட்டச்சு செய்த பத்திரங்களும் மனுக்களும் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற பாமினிச் சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். தேடினால் கிடைக்காது. எந்த மென்பொருளை வாங்கினாலும் இவற்றைத் தேடித் தராது. எனவே யூனிகோடுக்கு மாற்றுங்கள், ஆனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். நடப்பு வழக்கும், திரும்பத் திரும்ப எடுத்துத் திருத்தும் மாதிரிகளும் மட்டும் போதும். முடிந்த வழக்கை பிடிஎஃப் ஆக்கி விட்டுவிடலாம்.

மாற்றும்போது மூல எழுத்துரு எது என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள், பாமினிக்கும் வானவில்லுக்கும் விசை அமைப்பு வேறு. இதைவிடப் பெரிய ஆபத்து சர்வே எண். 214/2பி என்று உட்பிரிவில் ஆங்கில ‘பி’ இருந்தால், எழுத்துரு மாற்றும் மென்பொருள் அதையும் பாமினி என்று எடுத்துக்கொண்டு 214/2டீ ஆக்கிவிடும். ‘ஏ’ இருந்தால் ‘யு’. சொத்து விவரத்தில் இப்படி ஒன்று நுழைந்து தீர்ப்பாணை வரை போனால், பிறகு திருத்த மனு போட்டு அலைய வேண்டியதுதான். மாற்றிய ஒவ்வொரு கோப்பிலும் சொத்து விவரத்தை மட்டுமாவது மூலத்தோடு ஒருவர் வாசிக்க, மற்றவர் ஒப்பிட வேண்டும்.

மாற்றிய பிறகும் தேடலில் சில சொற்கள் அகப்படவில்லை என்றால் கொம்பும் காலும் பிரிந்திருக்கும். ‘கோ’ என்பதை ஒரே ஓகாரக் குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் எனத் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தேடும் மென்பொருள் சில இவற்றை வேறு வேறு சொல்லாகப் பார்க்கும். வேர்டில் தேடி மாற்றும் வசதியைக் கொண்டு பிரிந்த ஜோடியை ஒற்றைக் குறியாக மாற்றினால் தீரும். ‘கொ’, ‘கோ’ இரண்டு வகைக்கும் செய்யுங்கள். இனிமேல் தட்டச்சு எல்லோருக்கும் ஒரே முறை. விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. பழைய தட்டச்சு முறையில் கை பழகிய குமாஸ்தாவை மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், அவர் பழகிய விசை அமைப்பிலேயே யூனிகோடு அடிக்கும் வழியை நிறுவிக் கொடுங்கள்.

ஸ்கேன் பற்றி. 300 டிபிஐ, ஏ4 மனு என்றால் கறுப்பு வெள்ளை. முத்திரைத்தாளும் ரெவின்யூ ஸ்டாம்பும் சீலும் உள்ள பக்கம் வண்ணத்தில். எல்லாவற்றையும் வண்ணத்தில் எடுத்தால் கோப்பு பத்து மடங்கு கனத்து இ-ஃபைலிங் தளத்தின் அளவு வரம்பில் முட்டும். அப்புறம் இணையத்தில் ஏதோ ஒரு இலவசத் தளத்தில் கட்சிக்காரரின் ஆவணத்தை ஏற்றிச் சுருக்குவார்கள். அந்தப் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். ஸ்கேன், பக்கம் சேர்த்தல், எழுத்துணர்தல் (படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடியதாக மாற்றுவது) மூன்றையும் நேப்ஸ்-2 என்ற இலவச மென்பொருள் கணினிக்குள்ளேயே செய்யும். அது ஒன்றை நிறுவினால் மூன்று தளத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கலாம். எழுத்துணர்தலுக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் இறக்குங்கள். கூடலூர், பந்தலூர் நிலம் என்றால் மலையாளமும் வேண்டும். அந்தப் பகுதி 1877 வரை வயநாட்டைச் சேர்ந்திருந்தது, ஜென்ம நில (மலபார் வழக்கப்படியான பரம்பரை நில உரிமை) ஆவணங்கள் மலையாளத்திலும் வரும். கையெழுத்துப் பத்திரத்தை எந்த மென்பொருளும் ஒழுங்காகப் படிக்காது. அதற்குக் கோப்புப் பெயரில் ஆவண எண்ணையும் ஆண்டையும் எழுதிவைப்பதே தேடல்.

ஈரத்தைச் சொல்லாமல் மலையில் ஸ்கேனர் பற்றிப் பேச முடியாது. ஜூன் முதல் தாள்கள் ஈரம் குடித்துத் தொய்ந்திருக்கும். தானாகத் தாள் இழுக்கும் தட்டில் வைத்தால் இரண்டு மூன்று சேர்ந்தே போகும், பக்கம் விட்டுப்போனது தெரியாது. டேக் கயிறையும் பின்னையும் எடுத்து, தாள்களை விசிறி போலப் பிரித்து, ஹீட்டர் உள்ள அறையில் அரை மணி நேரம் வையுங்கள். ஹீட்டருக்கு நேர் முன்னால் வேண்டாம், சுருளும். இருபது தாளுக்கு மேல் ஒரே தடவை வைக்காதீர்கள், ஸ்கேன் முடிந்ததும் பக்க எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். காலையில் குளிர்ந்து கிடக்கும் ஸ்கேனரை ஹீட்டர் போட்ட உடனே இயக்கினால் கண்ணாடியில் பனி படிந்து படம் மங்கும். மங்கல் மறையும் வரை காத்திருங்கள். பக்கம் முழுக்க மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு விழுந்தால் பெரிய கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை. பக்கத்தில் உள்ள விரலகலக் கண்ணாடிப் பட்டையில் ஒரு துளி அழுக்கு இருக்கும், அதைத் துடையுங்கள். பழைய பத்திரத்தை இழுவைத் தட்டில் விடவே வேண்டாம்.

முடிந்த ஆவணத்தை எந்த வடிவில் சேமிப்பது என்பதில் அலட்சியம் கூடாது. கூடலூர்க் காட்டிலிருந்து கிளம்பி உச்ச நீதிமன்றம் போன கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு 1995-ஆம் ஆண்டினுடையது. அதில் இன்றும் மனுக்கள் வருகின்றன. அந்த வருஷம் வேர்ட்ஸ்டார் என்ற பழைய மென்பொருளில் அடித்த கோப்பை இன்று எதில் திறப்பது? பத்திர எழுத்தர்கள் விரும்பிப் பயன்படுத்திய பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-இல் வந்தது. வழக்கு மென்பொருளைவிட நீண்ட ஆயுள் கொண்டது. எனவே தாக்கல் செய்ததை எல்லாம் பிடிஎஃப்-ஏ (நெடுங்காலம் காப்பதற்கென்றே உள்ள பிடிஎஃப் வகை) வடிவில் ஒரு பிரதி. திருத்தும் பிரதி வேர்டிலோ லிப்ரே ஆபீஸிலோ.

மின்னணுச் சான்று: கை வைக்கக் கூடாத கோப்பு

சான்றாகக் கோர்ட்டில் கொடுக்கப்போகும் படம், வீடியோ போன்ற கோப்புக்கு மேலே சொன்ன ஒழுங்கு ஒன்றும் பொருந்தாது. பெயர் மாற்றாதீர்கள், சுருக்காதீர்கள், வடிவம் மாற்றாதீர்கள்.

2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். அது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு பிட் மாறினாலும் முழு எண்ணும் மாறும். சரிந்த தடுப்புச் சுவரைக் கட்சிக்காரர் படமெடுத்து வாட்ஸ்அப்பில் படமாகவே அனுப்பினால், வழியில் அது சுருங்கி, எடுத்த நேரம் முதலான உள்விவரங்களும் போய்விடும். நம்மிடம் வருவது வேறு கோப்பு. ‘டாக்குமெண்ட்’ என்று அனுப்பச் சொன்னால் அப்படியே வரும். முக்கியமானது என்றால் போனோடு நேரில் வரச் சொல்வதே நல்லது.

ஆபீஸில் ‘சான்று’ என்று ஒரு தனிக் கோப்புறை, அதில் எழுதும் உரிமை ஒருவருக்கு மட்டும். கோப்பு வந்த அன்றே செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருள் நிறுவிய கணினியில் கோப்பின் மேல் வலது பக்கம் சொடுக்கி, எஸ்எச்ஏ-256 என்ற வகை ஹாஷ் மதிப்பை எடுத்து, தேதியோடும் யார் எந்தக் கருவியிலிருந்து கொடுத்தார் என்பதோடும் குறித்துவையுங்கள். சான்றிதழின் முதல் பகுதியைக் கோப்பைத் தரும் தரப்பும், இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் எண் ஒத்துப்போக வேண்டும். வாதத்துக்குக் காட்டவும் அச்செடுக்கவும் வேறு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பணமும் பேச்சும்

பணத்தில் சுருக்கமாக முடிக்கலாம். டேலி இருந்தால் எக்செல் வேண்டாம், எக்செல் போதுமென்றால் டேலி வேண்டாம். எதுவானாலும் ஒவ்வொரு வரவுக்கும் அது பீஸா, செலவுக்குக் கொடுத்ததா என்ற ஒரு கட்டம் கட்டாயம். பார் கவுன்சில் விதிப்படி இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும், செலவுக்கு வாங்கியதைக் கட்சிக்காரரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பீஸில் சேர்க்க முடியாது. பல பில்லிங் மென்பொருள்களில் இந்தப் பிரிவே கிடையாது, எல்லாம் ஒரே ‘வரவு’. வாங்கும் முன் அதைக் கேளுங்கள்.

பேச்சுக்கு வாட்ஸ்அப்பை ஒழிக்க முடியாது. கட்சிக்காரர் நஞ்சநாட்டுத் தோட்டத்தில் கேரட் அறுத்துக்கொண்டிருப்பார், அவரிடம் போய் ‘எங்கள் போர்ட்டலில் உள்நுழையுங்கள்’ என்றால் நடக்குமா? ஆகவே வரும் வழி வாட்ஸ்அப், தங்கும் இடம் வழக்குக் கோப்புறை. ஆபீஸ் எண் ஒன்றுதான், சொந்த எண்ணுக்கு ஆவணம் வந்தால் அங்கே அனுப்பச் சொல்லுங்கள். தானாக மறையும் செய்தி வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சம்மதம், சமரசத் தொகை, அறிவுரை போன்ற முக்கியமான பேச்சை அன்றே ஒரு பத்தி மின்னஞ்சலாக எழுதி அனுப்பினால் இரண்டு வருஷம் கழித்து ஸ்கிரீன்ஷாட் தேட வேண்டாம்.

கரண்டும் நெட்டும் போகும்போது

மேகச் சேமிப்பின் கோப்புகள் கணினியில் தெரியும், ஆனால் உள்ளே இருக்காது. தொட்டால்தான் இறங்கும். பந்தலூர் கோர்ட்டில் நின்று தொட்டால் இறங்காமலும் போகும். நடப்பு வழக்குக் கோப்புறைகளை மடிக்கணினியில் ‘எப்போதும் இந்தக் கருவியில் வை’ என்று குறித்துவிடுங்கள். மடிக்கணினி தொலைந்தாலும் கவலை இல்லாதபடி வட்டு குறியாக்கமும் (கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்திருக்க வேண்டும்.

ஆபீஸில் மேசைக் கணினிக்கு வாங்கிய சாதாரண யுபிஎஸ் கால் மணி நேரம் தாண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரவுட்டருக்கு மின்கலம் போட்டும் இணையம் வரவில்லை என்றால், சுவரில் ஃபைபர் வந்து சேரும் இன்னொரு பெட்டிக்கு மின்சாரம் இல்லை என்று பொருள். இரண்டையும் ஒரே காப்பு மின்கலத்தில் இணையுங்கள்.

காப்புப் பிரதி வேறு, ஒத்திசைவு வேறு. கூகுள் டிரைவில் அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். தவறுதலாக ஒரு கோப்புறையை இன்று அழித்தால், அந்த வழக்கின் அடுத்த வாய்தா இரண்டு மாதம் கழித்து என்றால், தெரியவரும்போது தொட்டி காலி. இரண்டு வெளி வட்டு வாங்குங்கள். ஒன்றில் வெள்ளிக்கிழமை தோறும் முழுப் பிரதி எடுத்து உடனே கழற்றிவிட வேண்டும், செருகியபடியே விட்டால் வைரஸ் அதையும் தின்னும். இன்னொன்று மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ நம்பகமான இடத்தில், மாதம் ஒரு முறை இடம் மாற்றுங்கள். இரண்டுக்கும் கடவுச்சொல் போட்டுக் குறியாக்கம், காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஐந்து கோப்பை வட்டிலிருந்து திறந்து பாருங்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்துவிட்டது. அந்தக் கணினிகளில் கட்சிக்காரர் கோப்பு இருந்தால் மாற்றும் பட்டியலில் அவற்றையும் சேருங்கள்.

பழையதை மூடுவது

மே மாதம் செய்யுங்கள். சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை, மலர்க்கண்காட்சிக் கூட்டத்தில் ஊட்டிச் சாலையில் நகரவும் முடியாது, உட்கார்ந்து செய்ய இதைவிட நல்ல நேரம் அமையாது. கிரிமினல் வழக்குகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், அவற்றின் தேதிகளை முதல் நாளே புதிய காலண்டரில் ஏற்றுங்கள்.

ஒரு கருவியை மூடும் வரிசை இது. உள்ளே இருப்பதை முழுக்க ஏற்றுமதி செய்யுங்கள்: பட்டியல்கள் எக்செல் அல்லது சிஎஸ்வி, கோப்புகள் அவற்றின் அசல் வடிவில். சிஎஸ்வியை எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ் எழுத்து சிதைந்து வரும். தரவு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், ‘டேட்டா’ பட்டியில் இறக்குமதி வழியே போய் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகும். அதே இறக்குமதியில் வழக்கு எண் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று குறியுங்கள், இல்லாவிட்டால் 12/2019 டிசம்பர் மாதமாகிவிடும். பிறகு ஏதாவது பத்து வழக்கை எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பத்தில் இரண்டு மிகப் பழையதாகவும், இரண்டு ஒரே கட்சிக்காரருக்குப் பல வழக்கு உள்ளதாகவும் இருக்கட்டும், பிழை அங்கேதான் ஒளியும். சரியென்றால் பழையதில் எழுதும் உரிமையை எல்லோருக்கும் எடுத்துவிட்டு, பார்க்கும் உரிமை மட்டும் இரண்டு மாதம் விடுங்கள். அந்த இரண்டு மாதத்தில் யார் எதற்காகப் பழையதைத் திறந்தார் என்று தாளில் குறியுங்கள். குறிப்பு வெறுமையாக இருந்தால் தானியங்கிக் கட்டணத்தை முதலில் நிறுத்தி, பிறகு கணக்கை மூடி, உள்ளே உள்ள கட்சிக்காரர் தரவை அழித்ததற்கு எழுத்தில் பதில் வாங்கி, அந்த மின்னஞ்சலைக் கோப்பில் வையுங்கள்.

குமாஸ்தா மட்டும் ரகசியமாகப் பழைய எக்செலைத் தொடர்ந்து நிரப்பிக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள். புதிய இடத்தில் இல்லாத ஏதோ ஒரு கட்டம் அதில் இருக்கும், பேட்டா (அழைப்பாணை அனுப்பக் கோர்ட்டில் கட்டும் பணம்) செலவோ, எதிர்த்தரப்பு வக்கீலின் போன் எண்ணோ. அது எது என்று கேட்டு, புதிய இடத்தில் அந்தக் கட்டத்தைச் சேர்த்துக் கொடுங்கள்.